டைம் கீப்பர் ராமதாஸின் பாஸ்வேர்டு

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டி எப்போது கிளம்பும், எந்த வழியாகப் போகும், எங்கெங்கே நிற்கும் என்பதையெல்லாம் வருஷக்கணக்காக ஊருக்கே மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர் ராமதாஸ். தனியார் பஸ் முதலாளிகள் சேர்ந்து வைத்திருந்த டைம் கீப்பர். ஆனால் தான் எங்கே போகிறோம் என்பதை மட்டும் அந்த மனிதர் யாரிடமும் சொன்னது கிடையாது. அவர் செருப்பை மாட்டும்போது மனைவி உண்ணாமலை “எங்கங்க கிளம்பிட்டீங்க?” என்று கேட்டால், “சும்மா, போளூர் வரைக்கும்” என்பார். பல் டாக்டரிடம் போனாலும் போளூர்தான். முடி வெட்டிக்கொள்ளப் போனாலும் போளூர்தான். முடியைக் குறைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்பி வருகிறவரிடம், “போளூர்ல கூட்டம் கம்மியா?” என்று அவள் கேட்பாள்.

இதற்கு அவர் தரப்பில் ஒரு காரணம் உண்டு. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் அவருடைய அப்பா நிலத்தில் போர் போட்டபோது, போடுவதற்கு ஒரு மாதம் முன்பே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். தண்ணீர் வரவில்லை, புகைதான் வந்தது. சொல்லாமல் போட்டிருந்தால் தண்ணீர் வந்திருக்கும் என்று ராமதாஸ் இன்றைக்கும் நம்புகிறார். பூமிக்கு அடியில் இருக்கிற தண்ணீருக்கு ஊர்ப்பேச்சு எப்படிக் கேட்டது என்று அவரிடம் கேட்டவர்கள் யாரும் இல்லை.

மைக்கைப் பிடித்துவிட்டால் அதே மனிதர் வேறு ஆள். “வேலூர் வண்டி, போளூர், கண்ணமங்கலம் வழி, நடுவுல எங்கயும் நிக்காது. தெரிஞ்சு ஏறுங்க. தெரியாம ஏறிட்டு எறக்கிவுடச் சொல்லாதீங்க” என்று அவர் முடிக்கிற விதம் ஊரில் பிரசித்தம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அவர் வீடு வரைக்கும் அந்தக் குரல் கேட்கும். ஒரே மகள் சிந்துஜா சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக டைம் கீப்பர் அறைக்கு வந்து மைக்கின் அடியில் உட்கார்ந்துகொள்வாள். வீட்டிலும் அப்பா மாதிரியே பேசிக் காட்டுவாள். “அடுப்படியிலேருந்து கூடம் வர இட்லி, சட்னி வழி. தெரிஞ்சு சாப்புடுங்க” என்பாள். உண்ணாமலை சிரிப்பாள். ராமதாஸ், “பொட்டப்புள்ள இப்படியா சத்தமா பேசறது” என்று ஒருநாள் அதட்டினார். அதோடு அவர் எதிரில் அவள் அப்படிப் பேசுவதை விட்டுவிட்டாள்.

அந்தப் பெண் பி.எஸ்ஸி. முடித்து வீட்டில் இருந்த வருஷம் அது. இரண்டாயிரத்து ஐந்து. அவளுக்கு வரன் பார்க்க வேண்டும். வரன் என்றால் ரகசியம் என்பது ராமதாஸின் கண்டுபிடிப்பு இல்லை. அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பாக்கு வெற்றிலை மாற்றுகிற வரைக்கும் மூச்சு விடக் கூடாது, விட்டால் யாராவது கலைத்துவிடுவார்கள். போனில் பேசலாம் என்றால் பக்கத்து வீட்டு ஆதிமூலத்துக்குக் காது ரொம்பக் கூர்மை. அவர் வீட்டுச் சுவரும் இவர் வீட்டுச் சுவரும் ஒன்றுதான். ஆகவே ராமதாஸ் செங்கம் ரோட்டில் திருமலை நடத்திய பிரவுசிங் சென்டருக்குப் போய் ஒரு மெயில் கணக்கு ஆரம்பித்தார். மெயிலைப் பக்கத்து வீட்டுக்காரன் ஒட்டுக் கேட்க முடியாது.

திருமலை முப்பது வயது ஆள். மெயில் ஆரம்பிக்க வருகிறவர்கள் பாஸ்வேர்டைக் கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வார்கள். அவனுக்குக் காது புளித்துப் போயிருந்தது. ராமதாஸ் அவன் காதருகில் வந்து “அண்ணாமலைனு வெச்சிக்கலாமா?” என்று கிசுகிசுத்தார்.

“அண்ணா, இந்த ஊர்ல பாதிப் பேரு பாஸ்வேர்டு அதான். மீதிப் பேரு அருணாசலம்னு வெச்சிருக்காங்க. வேற இன்னாவாச்சும் வெச்சிக்குங்க. என்கிட்ட சொல்லாதீங்க.”

கடைசி வாக்கியம் ராமதாஸுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தன்னிடம் ஒன்றைச் சொல்லாதே என்று சொன்ன முதல் ஆள் திருமலைதான். அவர் திரையை முதுகால் மறைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார். எழுத்து தெரியாமல் புள்ளி புள்ளியாக விழுந்தது. இத்தனை மரியாதை தெரிந்த யந்திரத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்ததாக யந்திரம் ஒரு ரகசியக் கேள்வி வேண்டும் என்றது. திருமலை விளக்கினான். “பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னா இந்தக் கேள்விய அது கேக்கும். சரியா பதில் சொன்னா உள்ள விட்டுடும். புதுசா பாஸ்வேர்டு போட்டுக்கலாம். ஆனா பதில் சொல்றது நீங்கதானான்னு அதுக்குத் தெரியாது. யாரு சொன்னாலும் விட்டுடும். அதனால உங்களுக்கு மட்டும் தெரிஞ்சதா வெச்சிக்குங்க.”

யந்திரமே சில கேள்விகளைக் கொடுத்தது. கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் அம்மாவின் பெயர் என்ன என்றது முதல் கேள்வி. முன்னாலும் பின்னாலும் அவர் அம்மா பெயர் பொன்னிதான். இதில் என்ன ரகசியம் என்று அவருக்குப் புரியவில்லை. வளர்ப்புப் பிராணியின் பெயர் என்றது அடுத்தது. அவர்கள் வீட்டு எருமைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. கடைசியில் சொந்தக் கேள்வி எழுதிக்கொள்ளலாம் என்று இருந்ததால் அவரே எழுதினார்: மகளின் நட்சத்திரம் என்ன? பதில்: ரோகிணி.

சாமி சந்நிதியில் பேர், நட்சத்திரம் சொல்லித்தானே அர்ச்சனை செய்கிறோம், அது எவ்வளவு அந்தரங்கமான விஷயம் என்பது அவர் கணக்கு. வெள்ளிக்கிழமை தவறாமல் உண்ணாமலை அம்மன் சந்நிதியில் அவர் மனைவி, “சிந்துஜா, ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி, சீக்கிரம் கல்யாணம் கூடி வரணும் சாமி” என்று சொல்ல, குருக்கள் அதை உரக்கத் திருப்பிச் சொல்ல, வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அது அவருக்குத் தோன்றவில்லை. அதைவிட, ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அவரே கொடுத்த வரன் விளம்பரத்தில், மெயில் முகவரிக்கு மேல் வரியிலேயே ‘ரோகிணி’ என்று அச்சாகியிருந்தது.

மெயில்கள் வந்தன. ஜாதகங்கள் வந்தன. ஆரணியிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. வாங்க, பெண் பார்க்க வாங்க என்று பதில் போட்டார். யாரும் வரவில்லை. அப்புறம் ஒருநாள் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. தனக்குத்தான் மறந்துவிட்டது என்று நினைத்து, ரோகிணி என்று பதில் போட்டு உள்ளே நுழைந்து, வேறு பாஸ்வேர்டு வைத்தார். ஆரணிக்காரர் மட்டும் ஏன் வரவில்லை என்ற கவலை அரித்துக்கொண்டே இருந்தது.

இது எல்லோரும் பஸ் ஏற வருகிற ஊர். ஆரணிக்காரரும் ஒருநாள் வந்தார். டைம் கீப்பர் அறைக்குள் எட்டிப் பார்த்து, “ஆரணி வண்டி எப்பங்க?” என்றவரிடம் பேச்சுக் கொடுத்ததில் யார் என்று தெரிந்தது. ராமதாஸ் மைக்கை அணைத்துவிட்டு, ஏன் வரவில்லை என்று மெல்லக் கேட்டார்.

“நல்லா கேட்டீங்க போங்க. வாங்கன்னு ஒரு மெயிலு, மறுநாளே வேணாம்னு ஒரு மெயிலு. நீங்கதான போட்டீங்க?”

எவனோ கணக்குக்குள் புகுந்து மகளின் வாழ்க்கையைக் கலைக்கிறான். யார்? ஆதிமூலத்துக்கும் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள். அது போதும். அன்று சாயங்காலம் ஆதிமூலம் கொல்லைச் சுவருக்கு மேலாக எட்டி, “சார், பேப்பர் படிச்சிட்டீங்களா?” என்று கேட்டபோது, அந்தப் பேச்சிலேயே ஒரு திருட்டுத்தனம் இருப்பதாக இவருக்குப் பட்டது. பேப்பரைக் கொடுக்காமல் உள்ளே எடுத்துப் போய்விட்டார்.

மறுநாளே கேள்வியை மாற்றினார். நட்சத்திரம் வேண்டாம், அது குடும்பம் சம்பந்தப்பட்டது. தொழில் சம்பந்தப்பட்டதாக வைத்தால் வெளியாருக்குத் தெரியாது என்று யோசித்து, ‘காலையில் முதலில் கிளம்பும் வண்டி எது?’ என்று வைத்தார். விடியற்காலையில் எழுந்து அதை ஒலிபெருக்கியில் ஊருக்கே சொல்பவர் அவர்தான். பஸ் ஸ்டாண்டில் தூங்குகிற நாய்க்குக்கூடத் தெரிந்த பதில் அது. ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாஸ்வேர்டு மறுபடி மாறியிருந்தது, புதிதாக வந்திருந்த திண்டிவனத்து இன்ஜினியர் வரனும் பேச்சு மூச்சில்லாமல் போயிருந்தது.

“ஒருத்தருக்கு ஒரு பிரச்சினை” என்று ஆரம்பித்தார் திருமலையிடம். தனக்கு என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

யாருக்கு என்று திருமலைக்குத் தெரியும். ஆனாலும் காட்டிக்கொள்ளவில்லை. “அந்த ஒருத்தர்கிட்ட சொல்லுங்க, பதில் நெஜமா இருக்கணும்னு அவசியமே இல்ல. பொய் சொல்லலாம். பொறந்த ஊரு எதுன்னு கேட்டா சம்பந்தமே இல்லாத ஊர் பேரப் போடுங்க. யாரு கண்டுபுடிப்பாங்க?”

ராமதாஸ் அவனை அப்படியே கட்டிக்கொண்டிருப்பார். பழக்கமில்லாததால் தோளைத் தட்டினார். பொய் சொல்வதில் அவருக்கு என்ன கஷ்டம்? பிறந்த ஊர் எது என்று கேள்வி வைத்தார். பதிலுக்கு யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய்த் தட்டியது: போளூர்.

இந்த முறை மூன்று நாள் கூடத் தாங்கவில்லை.

இதற்குள் செங்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் வாத்தியார், ஒரே பிள்ளை, அவன் அப்பா தசரதன் நல்ல மனுஷன். பத்துப் பொருத்தத்தில் எட்டு பொருந்தியது. புதன்கிழமை பெண் பார்க்க வரலாமா, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று தசரதன் எழுதியிருந்தார். இதுவும் கலைந்தால் இனிமேல் எந்த இடம் வரும் என்று ராமதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டு திருமலையிடம் போனார். “எனக்குத்தான்பா” என்றார் முதல் தடவையாக. “எவனோ என் பேர்ல மெயில் போடறான். இன்னா போடறான்னுகூடத் தெரியல.”

“அனுப்பினது எல்லாம் அதுலயே இருக்குமேண்ணா. ‘சென்ட்’னு இருக்குது பாருங்க, அத அமுக்குங்க” என்று காட்டிவிட்டு, அவர் முதுகைத் திருப்புவதற்கு முன்பே அவன் தள்ளிப் போய்விட்டான்.

அப்படி ஒரு இடம் இருப்பதே அதுவரை அவருக்குத் தெரியாது. ஆரணிக்காரருக்குப் போனது இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தார்.

‘வணக்கம். எங்கள் பெண்ணின் வண்டி இப்போதைக்கு கல்யாணம் வழியாகச் செல்லாது. நடுவில் எங்கும் நிற்காது. உங்கள் மகனுக்கு அடுத்த வண்டி நல்லபடியாகக் கிடைக்கும். தெரிந்து ஏறுங்கள். தெரியாமல் ஏறிவிட்டு இறக்கிவிடச் சொல்லாதீர்கள்.’

ஆதிமூலத்துக்கு இப்படி எழுத வராது. உலகத்தில் இப்படிப் பேசுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் அவருக்கு வந்தது கோபம்தான். காது இரண்டும் சூடாகிவிட்டது. நேரே வீட்டுக்குப் போய் இரண்டு அறை வைக்க வேண்டும் என்று எழுந்தார். போய் என்ன கேட்பது? ஏன்டி செய்தாய் என்றா? ஏன் என்றுதான் மெயிலிலேயே எழுதியிருக்கிறாளே. இத்தனை மாதத்தில் நீ என்ன சொல்கிறாய் என்று அவளை ஒரு வார்த்தை கேட்டோமா? கேட்கவில்லை. வரனைப் பற்றி ஆதிமூலத்துக்குத் தெரியக் கூடாது, சொந்தக்காரனுக்குத் தெரியக் கூடாது என்று மறைத்து மறைத்து, கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கே அல்லவா சொல்லாமல் விட்டிருந்தோம். அவளும் பேப்பர் பார்த்துத்தான் தெரிந்துகொண்டு, ஏதோ ஒரு சென்டரில் உட்கார்ந்து உள்ளே நுழைந்திருக்கிறாள். நட்சத்திரம், முதல் வண்டி, கடைசியில் அந்தப் போளூர். தன்னுடைய பொய்யைக்கூட மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்கிற பெண்ணை நினைத்து அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது; அது அவருக்கே பிடிக்கவில்லை.

மறுபடி உட்கார்ந்தார். முகத்துக்கு முகம் கேட்க அவருக்கு வராது. ரகசியக் கேள்வியைத் திறந்து, பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

‘சிந்துஜா, உனக்கு இப்போது கல்யாணம் வேண்டுமா?’

கீழே பதில் என்று ஒரு கட்டம் இருந்தது. அதையும் அவரேதான் நிரப்ப வேண்டும். வேண்டும் என்று போட்டால் அவளால் உள்ளே வர முடியாது. புதன்கிழமை தசரதன் வீட்டார் வருவார்கள், பையன் வாத்தியார், எட்டுப் பொருத்தம். கட்டத்துக்குள் கோடு மின்னி மின்னி நின்றது. பக்கத்து மேஜையில் ஒரு பையன் விளையாட்டில் கார் ஓட்டி மோதிக்கொண்டிருந்தான். திருமலை வந்து, “இன்னும் அரை மணி போட்டுக்கட்டுமாண்ணா?” என்று கேட்டான். ராமதாஸ் தலையை ஆட்டினார். பிறகு ஒற்றை விரலால் ‘வேண்டாம்’ என்று அடித்துவிட்டு எழுந்து போனார்.

சனிக்கிழமை காலை மைக்கில் அவர் போளூர் வண்டியை எதிர்த்திசையில் இருக்கிற செங்கம் வழியாக அனுப்பிவிட்டார். டிரைவர் இறங்கி வந்து, “அண்ணா, உடம்பு சரியில்லையா?” என்று விசாரித்தார். மத்தியானம் சென்டருக்குப் போய் பாஸ்வேர்டைத் தட்டினார். செல்லவில்லை. யந்திரம் இவரைத் தெரியாது என்றது. அவள் வந்திருக்கிறாள், கேள்வியைப் பார்த்திருக்கிறாள், வேண்டாம் என்று தட்டியிருக்கிறாள், கதவு திறந்திருக்கிறது. அப்பா என்ன பதில் வைத்திருந்தார் என்பது அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்திருக்கும். ராமதாஸ் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். செங்கத்துக்காரருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று மரியாதையாக நாலு வரி எழுத வேண்டுமே என்று, மறந்துவிட்டது என்பதை அமுக்கினார்.

கேள்வியை அவள் மாற்றியிருந்தாள்.

‘அப்பா, எனக்கு என்ன வேலைக்குப் போக ஆசை?’

இது ஒரு கேள்வியா என்று உற்சாகமாக டீச்சர் என்று அடித்தார். தவறு. பேங்க். தவறு. டாக்டர் என்று போட்டு, பி.எஸ்ஸி. படித்தவள் எப்படி டாக்டராவாள் என்று தன்னையே திட்டிக்கொண்டார். கலெக்டர் என்றும் போட்டுப் பார்த்தார். இன்றைக்கு இனிமேல் முயல முடியாது, நாளைக்கு வாருங்கள் என்று யந்திரம் கதவைச் சாத்திவிட்டது.

“கேள்வி கஷ்டமாண்ணா?” என்றான் திருமலை.

“எம் பொண்ணப் பத்திதான்பா.”

“அப்ப உங்களுக்குத் தெரியாமப் போவுமா? யோசிச்சுப் பாருங்க.”

வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் யோசித்தார். நட்சத்திரம் தெரியும், ராசி தெரியும், செவ்வாய் தோஷம் இல்லை என்பது தெரியும், உயரம் தெரியும், நிறம் மாநிறம் என்பதை மாற்றி சிவப்பு என்று விளம்பரத்தில் போட்டதும் தெரியும். அர்ச்சனை வரிசையில் நின்ற எவருக்கும் தெரிந்ததுதான் அத்தனையும். அவளைக் கேட்டால் மட்டும் தெரியக் கூடியது ஒன்றும் அவரிடம் இல்லை. நல்ல வெயிலில் நடுத்தெருவில் அவருக்குக் கூச்சமாக இருந்தது.

ஆதிமூலம் வாசலில் நின்றிருந்தார். “எங்க சார் போயிட்டு வரீங்க?” என்றார், வழக்கமாக வரும் பதிலை எதிர்பார்த்து.

“பிரவுசிங் சென்டருக்கு. எம் பொண்ணு ஒரு கேள்வி கேட்டா, பதில் தெரியல. பேப்பர் உள்ளதான் இருக்குது, எடுத்துக்குங்க.”

ஆதிமூலம் பேப்பரை எடுத்துக்கொள்ளவே மறந்து போய் நின்றார்.

சிந்துஜா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கை மெதுவானது. அவர் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்துத் தாறுமாறாக மடித்தார்.

“எனக்குத் தெரியலம்மா. நீயே சொல்லிடு” என்றார்.

அவள் அந்தத் துண்டை வாங்கிப் பிரித்து மறுபடி மடித்தாள். “மைக்குல பேசற வேலப்பா. ரேடியோல. மெட்ராஸ்ல புதுசா எஃப்.எம். வருதாம், கொரல் பாக்கறாங்க.”

“அது ஒரு வேலையா?” என்று அவருக்கு வாயில் வந்துவிட்டது.

“உங்க வேலதாம்பா” என்றாள் அவள்.

அவர் டீச்சர் என்று போட்டார், கலெக்டர் என்று போட்டார். காலை எழுந்து தொண்டை வறளக் கத்துகிற தன் வேலைக்கு யாராவது ஆசைப்படுவார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மைக்கின் அடியில் சீருடையோடு உட்கார்ந்திருந்த பெண் ஞாபகத்துக்கு வந்தாள். சத்தமாகப் பேசாதே என்று அவளை அதட்டிய அன்று வாய் அழுகிப் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள மடித்த துண்டையே எடுத்தார்.

“கொரல் பாக்கறதுன்னா பழக வேணாமா? கெளம்பு” என்றார். “நாலு மணி வேலூர் வண்டிய நீ சொல்லு.”

இருவரும் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டு உண்ணாமலை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “எங்கங்க ரெண்டு பேரும் கெளம்பிட்டீங்க?”

ராமதாஸ் நிமிர்ந்தார். “பஸ் ஸ்டாண்டுக்கு. உம் பொண்ணு மைக்குல பேசப் போறா.”

உண்ணாமலை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “வர வர பொய் ஜாஸ்தியாயிடுச்சு உங்களுக்கு” என்றாள். “போளூருக்குன்னா போளூருக்குன்னு சொல்லிட்டுப் போங்களேன்.”

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கி கரகரத்தது. வழக்கமான குரல் இல்லாததால், வேர்க்கடலை விற்கிறவர் முதல் கண்டக்டர் வரை திரும்பிப் பார்த்தார்கள். “வேலூர் வண்டி, போளூர், கண்ணமங்கலம் வழி. தெரிஞ்சு ஏறுங்க” என்று ஆரம்பித்தவளுக்கு முதலில் குரல் கொஞ்சம் நடுங்கியது. மைக்கின் அடியில், அவள் முன்பு உட்கார்ந்திருந்த அதே இடத்தில், ராமதாஸ் உட்கார்ந்திருந்தார். “இன்னும் சத்தமா சொல்லும்மா” என்றார். “வீடு வரைக்கும் கேக்கணும். உங்கம்மா நம்பமாட்டா.”